பாதி உரையாடல்: சார்ல்ஸ் சம்னரின் கடிதங்கள்

1856 மே 22. வாஷிங்டனில் அமெரிக்க செனட் சபை அன்றைய வேலையை முடித்துக்கொண்டு கலைந்துவிட்டது. மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னர் தம் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அடிமை முறையைச் சாடி அதே வாரம் இரண்டு நாள் பேசிய பேச்சின் அச்சுப் பிரதிகளைத் தபாலில் சேர்ப்பதற்காகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். (உறுப்பினரின் கையெழுத்து இருந்தால் தபால்தலை வேண்டாம், அந்தக் காலத்துச் சலுகை.) அப்போதுதான் தென் கரோலினாவின் பிரஸ்டன் புரூக்ஸ் வந்து, கைத்தடி முறியும்வரை அவர் தலையில் அடித்தார். அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் சம்னர் இந்த அடியால்தான் இடம் பிடித்திருக்கிறார். நமக்கு அந்த மேசைமேல் இருந்த தபால்தான் முக்கியம்.

சம்னருக்குக் கடிதம் என்றால் மூச்சு. வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்; அவை இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவர் எழுதியவையோ, போன வீடுகளோடு போய்விட்டன. ஜான் பிரைட்டுக்கு எழுதியவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். ஆர்கைல் கோமகளுக்கு எழுதியவை கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில். இப்படிச் சிதறிக் கிடந்ததைத் தேடிச் சேர்த்து 1988-இல் 85 மைக்ரோபிலிம் சுருள்களாக வெளியிட்டவர் பெவர்லி வில்சன் பால்மர். 1990-இல் அவரே பொறுக்கியெடுத்து இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். உழைப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாருங்கள், அந்த இரண்டு தொகுதிகளில் பேசுவது சம்னர் ஒருவர்தான். எதிர்ப்பக்கம் அடிக்குறிப்பில் தலைகாட்டிவிட்டுப் போகிறது. எஸ்.டி.டி. பூத்தில் ஒருவர் ஊருக்குப் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி: குரல் உயர்வது தெரிகிறது, எதற்கு உயர்ந்தது என்று தெரியவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1861-ஐ எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுப் போர் தொடங்கிய வருஷம். நவம்பரில் வடக்கின் போர்க்கப்பல் ஒன்று ‘டிரென்ட்’ என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை நடுக்கடலில் மறித்து, அதில் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த தெற்கின் தூதர்கள் இருவரைப் பிடித்துவிட்டது. பிரிட்டன் கொதித்தது, யுத்தம் வந்துவிடும் என்ற நிலை. 1858-இல் போட்ட அட்லாண்டிக் தந்திக் கம்பி சில வாரங்களிலேயே செத்துவிட்டதால் எல்லாமே கப்பல் தபால்தான். பிரைட்டும் ரிச்சர்ட் காப்டனும் ‘ஆட்களை விட்டுவிடுங்கள்’ என்று சம்னருக்கு எழுதினார்கள். செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவரான சம்னர் கிறிஸ்துமஸ் தினத்தன்று லிங்கனின் அமைச்சரவைக் கூட்டத்தில் அந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டினார். மறுநாள் விடுவிக்க முடிவாயிற்று. இதில் வேலை செய்தது வந்த கடிதம்! பிரைட் யார்? லங்காஷயர் நூற்பாலைக்காரர். அமெரிக்கப் பருத்தி நின்றதால் அடிபட்டது அவர் ஊர்தான். அதே பஞ்சத்தால்தான் பம்பாய்ப் பருத்திக்காரர்கள் வீட்டில் பணம் கொட்டியது. அந்த நிலையிலும் வடக்கின் பக்கம் நின்றவர் அவர். இது தெரியாமல் சம்னரின் பதில்களை மட்டும் படித்தால், பிரைட் தலையாட்டும் நண்பராகத்தான் தெரிவார். அவர் எழுதியவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன, ஆனால் வேறொரு புத்தகத்தில். இரண்டையும் மடியில் விரித்துவைத்துத் தேதி பார்த்துப் படிக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

கோமகளின் கதையும் இப்படித்தான். அவர் கணவர் அப்போது பிரிட்டிஷ் அமைச்சரவையில் இருந்தவர்; பிற்பாடு 1868 முதல் 1874 வரை நம் இந்தியாவுக்கே மந்திரி. அந்த அம்மாளுக்கு எழுதினால் அது எந்த மேசைக்குப் போகும் என்பது சம்னருக்குத் தெரியாதா என்ன?

ஒரு பக்கத்தை மட்டும் கேட்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அடிபட்டபின் மூன்று வருஷத்துக்கு மேல் சம்னரால் சபைக்கு ஒழுங்காக வர முடியவில்லை. 1858-இல் பாரிஸில் டாக்டர் பிரவுன்-செக்கார்ட் அவருக்கு முதுகெலும்பை ஒட்டிச் சூடு போட்டார், மயக்கமருந்து இல்லாமல். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அந்த வேதனை இருக்கிறது. 1960-இல் வந்த டேவிட் டொனால்டின் வாழ்க்கை வரலாறு புலிட்சர் பரிசு பெற்ற நூல், நடையில் சொக்கவைக்கும். ஆனால் அது இந்த நோயைப் பெரும்பாலும் மனத்தின் வேலை என்று வாதிடுகிறது. உடம்புக் காயம் ஆறிய பிறகும் மனசு அந்தச் சபைக்குள் நுழைய மறுத்தது என்றால், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இன்றைக்கு மருத்துவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். டொனால்ட் கடிதங்களை நிறையப் படித்தவர்தான். இருந்தும் நோயாளியின் கேஸ் கட்டைப் புரட்டுவதுபோல் புரட்டிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னைப் பற்றியே பேசுகிறவர், கர்வி என்ற சித்திரம் அவர் நூலில் அழுத்தமாக விழுகிறது. ஒருவர் எழுதிய கடிதங்களை மட்டும் அடுக்கினால் யார்தான் தன்னைப் பற்றியே பேசுகிறவராகத் தெரியமாட்டார்கள்?

இதற்கு மறுப்பு சம்னரிடமே இருக்கிறது. ரயில், ஹோட்டல், நாடகக் கொட்டகை எங்கும் நிறபேதம் கூடாது என்று 1870-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நகரவில்லை. 1872 ஜனவரியில் அதற்காக எழுந்து பேசியபோது, தம் வாதத்தைச் சற்று நிறுத்திவிட்டு, கறுப்பின மக்கள் தமக்கு எழுதிய கடிதங்களைச் சபையில் படித்தார். டிக்கெட் வாங்கியும் வண்டியில் இடம் மறுக்கப்பட்டவர்கள், விடுதி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அவரவர் வார்த்தையில். பேச்சில் பிரியமுள்ள மனிதர் என்று பெயரெடுத்தவர் அன்று மற்றவர்களைப் பேசவிட்டார். 1874 மார்ச்சில் சம்னர் இறந்தார். மசோதா 1875-இல் சட்டமாகி, 1883-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அந்தக் கடிதங்கள் செனட் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகி இருக்கின்றன. 1990-இன் இரண்டு தொகுதிகளில் அவற்றுக்கு இடமில்லை.