நௌரோஜியின் படைச்செலவு வாதம்: ஒரு மதிப்பீடு

தாதாபாய் நௌரோஜியைப் பள்ளிப் பாடநூல்கள் 'செல்வச் சுரண்டல் கோட்பாடு' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றன. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் 1901-இல் வெளிவந்த அவருடைய 'இந்தியாவில் வறுமையும் பிரித்தானியத் தன்மையற்ற ஆட்சியும்' என்ற நூலில், வெல்பி ஆணையத்தின் முன் அவர் வைத்த வாதங்களே இன்றும் ஊன்றிப் படிக்கத்தக்கவை. இந்தியாவில் நிறுத்தப்பட்ட படைக்கு யார் பணம் தருவது என்பதே அங்கே எழுந்த வழக்கு.

1857-க்குப் பின் இந்தியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீரர்கள் பிரித்தானியராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அவர்களின் சம்பளம், உணவு, குடியிருப்பு யாவும் இந்திய வரிப்பணம். அது போதாதென்று, அவர்களை இங்கிலாந்தில் ஆள்சேர்த்துப் பயிற்றுவித்த செலவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று லண்டன் வசூலித்தது. 1861-இல் அந்தத் தொகை தலைக்கு 10 பவுன். பொருளை வாங்கச் சொல்பவனும் விற்பவனும் விலை சொல்பவனும் ஒருவனே!

1895-இல் அமைந்த ஆணையத்தில் நௌரோஜி உறுப்பினர். அப்படி ஓர் அரச ஆணையத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர், சாட்சியமும் அளித்தார். இந்தியப் பேரரசால் பிரித்தானியாவுக்கு ஆதாயம் உண்டு, ஆதாயம் உள்ளவர் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பது அவர் நிலை. இரண்டாம் ஆப்கானியப் போருக்குப் பிரித்தானியா 50 லட்சம் பவுன் கொடுத்ததை அவர் நன்கு பயன்படுத்துகிறார். ஒருமுறை கொடுத்தவர், தமக்கும் அதில் நலன் உண்டு என்று ஒப்புக்கொண்டவராகிறார். நூலின் மிக வலுவான இடம் இதுதான்.

வலுவற்ற இடமும் உண்டு. பங்கு எவ்வளவு என்று கேட்கும் நௌரோஜி, படை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விகளை அதே அழுத்தத்தோடு எழுப்புவதில்லை. ஆங்கிலேயரின் நீதியுணர்வை நம்பியே வாதம் நகர்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அந்த முறையீடு வருவது சலிப்பூட்டுகிறது. அதே காலத்தில் மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களில், ஆண்டுக் காவற்படைப் பங்கை 1 லட்சம் பவுனாக உயர்த்தியதை எதிர்த்துச் சட்டமன்றத்தின் அலுவல்சாரா உறுப்பினர்கள் பலர் 1895-இல் பதவி விலகினர். முழு வெற்றி கிட்டாவிட்டாலும், பங்கு வருவாயில் இத்தனை விழுக்காடு என்று மாறியது. இந்தியச் சட்டமன்றத்தில் 1892 சட்டப்படி வரவுசெலவைப் பேசலாம், வாக்களிக்க முடியாது. இந்த வேறுபாட்டை நௌரோஜி எடுத்தாண்டிருக்கலாம்.

1897-இல் சென்னையிலிருந்து சென்று சாட்சியம் சொன்ன 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயரையும் கோகலே, வாச்சா ஆகியோரையும் சேர்த்துப் படித்தால்தான் வழக்கு முழுமையாகப் புரியும். நௌரோஜியை மட்டும் படிப்பவருக்கு அது ஒரு தனிமனிதரின் போராட்டம் போலத் தோன்றும்.

1900-இல் வந்த பெரும்பான்மை அறிக்கை, ஏடன் காவற்படைச் செலவில் ஒரு பகுதி போன்ற சிறு நிவாரணங்களோடு நின்றது. நௌரோஜி, வெட்டர்பர்ன், கெயின் மூவரும் தனி அறிக்கை தந்தனர். 1933-இல்தான் காரன் தீர்ப்பாயத்தின் பேரில் ஆண்டுக்கு 15 லட்சம் பவுன் தரப் பிரித்தானியா இசைந்தது. அப்போதும் படையின் அளவை முடிவு செய்யும் உரிமை இந்தியச் சட்டமன்றத்துக்கு வரவில்லை.