காட்டுப் பாதையும் ரோஜா நிறக் காரும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் இருக்கும் காஹாங், எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு ஜொகூர்ப் பக்கத்து வாசல். இங்கிருந்து கம்போங் பெத்தா ஏறத்தாழ 56 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே போகப் போக மண்பாதை. மழை பிடித்துக்கொண்டால் நான்கு சக்கரமும் இழுத்தாக வேண்டும். சொகுசு ஜீப் விளம்பரங்களில் ஒருவன் தனியாகச் சேற்றைக் கிழித்துக்கொண்டு போவானே, அந்தச் சேறு இங்கே நிஜமாகவே கிடக்கிறது. அந்த விளம்பரத்தை எடைபோட நல்ல இடம்.

விளம்பரத்தின் அந்தக் காட்டு வீரனை உருவாக்கியதில் கேமல் டிராஃபிக்குப் பெரும் பங்குண்டு. 1980-இல் தொடங்கிய அந்தப் பயணப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது ஒரு சிகரெட். 1981-இல் சுமத்ராவில் ரேஞ்ச் ரோவர் ஓடியது. 1993-இல் போட்டி சபாவுக்கு வந்தது. நம் வட்டாரக் காடுகளே அதற்கு மேடையாயின. வண்டிகள் அங்கே காட்டிய உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அது கியர்ப்பெட்டியும் அச்சும் செய்த வேலை. விளம்பரமோ அந்தப் பெருமையை ஓட்டுபவனின் ஆண்மைக்கு எழுதிவைத்தது. 1888-இல் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், கணவருக்குச் சொல்லாமல் காரை ஓட்டிப்போனவர் பெர்தா பென்ஸ். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். காரின் முதல் நெடும்பயணமே ஒரு பெண்ணுடையது என்றால், கரடுமுரடான பாதையை ஆணுக்குப் பட்டா போடுவதில் வரலாற்று நியாயம் துளியும் இல்லை.

பெண்களுக்கென்று செய்த கார்கள் இதைவிட மோசம். 1955-இல் டாட்ஜ் நிறுவனம் ‘லா ஃபாம்’ என்றொரு காரை இறக்கியது. ரோஜாவும் வெள்ளையும் கலந்த பூச்சு, உள்ளே கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, மழைக்கோட்டு, குடை. இயந்திரம் வழக்கமான டாட்ஜ்தான். 1956-உடன் அது நின்றுபோனது. ஓட்டத் தெரிந்த பெண்ணிடம் ஓட்டுவதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் செய்த கார் அது, தோற்றது சரிதான்.

வோல்வோவின் ஒய்சிசி அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. பெண்கள் மட்டுமே தலைமையேற்று வடிவமைத்து 2004-இல் ஜெனீவாவில் காட்டிய மாதிரி வண்டி. ஓட்டுநரின் உடலை அளந்து இருக்கையும் ஸ்டியரிங்கும் தாமே அமையும் ஏற்பாடு அதில் இருந்தது. குள்ளமான ஆணுக்கும் அது உதவும். ஆனால் முன்மூடியை உரிமையாளர் திறக்க வழியில்லை, பட்டறையில்தான் திறப்பார்கள். காஹாங்குக்கு அப்பால் காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? அக்கறையோடு செய்த வண்டியிலும் அவளை இயந்திரத்திடமிருந்து தள்ளிவைத்தது எனக்கு வருத்தமே.

ரோஜா நிறத்தையும் ஆண்மைப் பெருமையையும்விடப் பெரிய விஷயம் விபத்து. பல்லாண்டுகளாக மோதல் சோதனைப் பொம்மையின் அடிப்படை அளவு சராசரி ஆண் உடல். பெண்ணுக்கென்று வைத்தது பெரும்பாலும் அதைச் சுருக்கிய சிறு உருவம். நேர்மோதலில் இருக்கைவார் அணிந்த பெண்கள் பலத்த காயமடையும் வாய்ப்பு ஆண்களைவிட 73 விழுக்காடு அதிகம் என்று 2019-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு கணித்தது. அதே ஆண்டு, நாற்பதாண்டு விபத்துத் தரவுகளிலிருந்து தான் கற்றதை வோல்வோ மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது.

என் தீர்ப்பு இதுதான்: காட்டு வீரன் விளம்பரம் பொய்யான உரிமைப் பத்திரம், ரோஜா நிறக் கார் அவமதிப்பு, ஒய்சிசி பாதி வெற்றி. பாலினத்தைக் கணக்கில் எடுத்ததற்காக நான் முழு மதிப்பெண் தருவது அந்தத் தரவுப் பகிர்வுக்கு மட்டுமே. சராசரிப் பெண் உடலளவில் செய்த பொம்மையை ஓட்டுநர் இருக்கையில் வைத்து மோதி, கிடைத்த முடிவை விற்பனைத் தாளில் அச்சிடும் நிறுவனம் வரட்டும். அதன் விளம்பரத்தை அப்போது படிக்கிறேன்.