எட்டாம் நாள் இலையில் என்ன வைப்பது?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த எட்டாம் நாள் 'எட்டுச் செலவு' நடக்கும். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் படைப்பார்கள். அப்பா போன வீடென்றால் இதில் குழப்பம் வராது. முருங்கைக்காய்ப் பால்கறியா, வாழைக்காய்ப் பொரியலா, மச்சம் படைக்கும் வீடென்றால் கணவாயா, இறாலா என்று எல்லோருக்கும் தெரியும். நாற்பது ஆண்டுகளாக அதை அறிந்து அறிந்து சமைத்துப் போட்டவள் அம்மா. அம்மா போன வீட்டில்தான் சமையலறை வாசலில் ஒரு மௌனம் விழுகிறது. "அம்மாவுக்கு என்ன விருப்பம்?" என்று மருமகள் கேட்பாள். "அவ எல்லாம் சாப்பிடுவா" என்பான் மகன். "அவ கடைசியாத்தானே சாப்பிடுறவ, எங்களுக்கு எங்க தெரியும்" என்பாள் மகள்.

வீட்டைக் கட்டிக் காத்த தாயைத் தமிழர்கள் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்று ஆராயப் புகுபவர் அந்த வாசலில் தொடங்குவது நல்லது. அழுவதற்கும் பாடுவதற்கும் படைப்பதற்கும் அச்சடிப்பதற்கும் நம்மிடம் முறைகள் ஏராளம். அந்த முறைகளுக்குள் அந்த ஒரு பெண் எவ்வளவு தங்குகிறாள் என்பதே கேள்வி.

சிங்கப்பூரில் இதை விசாரிக்கக் காத்தோங் பொருத்தமான இடம். அங்கே சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. 1870களில் ஒரு குளத்தருகே செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் சிலையிலிருந்து தன் கதையைத் தொடங்கும் கோயில் இது. 1910இல் உருவான சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தின் பொறுப்பில் வளர்ந்தது. அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்கென்று யாழ்ப்பாணத்து ஆண்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறிய பெண்கள், புளியையும் மிளகாய்த்தூள் பக்குவத்தையும் சித்திரா பௌர்ணமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆண்கள் வந்த கதைக்குச் சம்பளப் பதிவேடு உண்டு, பதவி உயர்வுக் கடிதம் உண்டு. பெண்கள் வந்த கதைக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் ஆவணம்தான் எஞ்சுகிறது. அதன் பெயர் கல்வெட்டு.

பெயரைக் கேட்டதும் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் நினைவுக்கு வரும். ஈழத்தவர்களின் கல்வெட்டு காகிதத்தில் உள்ளது. இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி, இறந்தவரைப் பற்றிப் பாடப்பட்ட செய்யுள்களை உறவினர் கூட்டத்தில் ஒருவர் இராகத்தோடு படிப்பார். கேட்டிருப்பவர்கள் விம்முவார்கள். பிறகு அதைச் சிறு நூலாக அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஊர்ப் புலவரோ தமிழ் வாத்தியாரோ வெண்பாவிலும் விருத்தத்திலும் எழுதிக்கொடுப்பது வழக்கம். முதலில் பிள்ளையார் காப்பு, அடுத்துத் திதி வெண்பா, அதன்பின் குலமும் ஊரும் வரலாறும். பின்னர் கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசை போகும். கடைசியில் தேற்றம்.

இவற்றில் தனியே நின்று கவனிக்க வேண்டியது திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கடிக்குள் கட்டிவைக்கும் பாடல் அது. ஆண்டுதோறும் திவசம் கொடுக்க வேண்டியவன் எந்த மாதம், எந்தத் திதி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, வெண்பா மனப்பாடமாக இருந்தால் போதும். துக்கத்தின் நடுவிலும் இத்தனை நடைமுறை அறிவோடு ஒரு செய்யுள் வகையைச் சமைத்த சமூகத்தை வியக்காமல் இருக்க முடியாது.

வெண்பாவும் விருத்தமும் மெல்லக் குறைந்து, நிழற்படங்களும் உரைநடையும் தேவாரத் திருவாசகத் தொகுப்புமாக இன்று இது 'நினைவு மலர்' ஆகிவிட்டது. பதிகங்களைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. வெறும் அஞ்சலி நூலென்றால் பழைய தாள்களோடு போய்விடும். சிவபுராணம் அச்சிட்ட நூல் சாமியறைக்குள் போகும். அட்டையிலுள்ள அம்மாவும் நாள்தோறும் விளக்கு வெளிச்சத்தைக் காண்பாள்.

ஓர் அப்பாவின் மலரையும் ஓர் அம்மாவின் மலரையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு கண்ணில் குத்தும். அப்பாவின் பக்கங்களில் வினைச்சொற்கள் நிறைந்திருக்கும்: படித்தார், சேர்ந்தார், மாற்றலானார், கட்டினார், ஓய்வுபெற்றார். அம்மாவின் பக்கங்களில் பண்புப் பெயர்கள்: அன்பு, பொறுமை, தியாகம், விருந்தோம்பல். மரண அறிவித்தலிலும் இதே கதைதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் சிங்கப்பூரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் அருமை மனைவி, இன்னார்களின் பாசமிகு தாயார், இன்னாரின் மைத்துனி என்று நீளும். உறவுகளின் நடுவே அவள் இருந்த இடம் மட்டும் வெறுமையாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பட்டியலை இகழக் கூடாது. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு அதுதான் வம்சவரைபடம். மூன்று தலைமுறை கழித்து, பாட்டி எந்தக் கிராமத்துப் பெண் என்று தேடும் பேத்திக்கு அதைவிட நம்பகமான சான்று கிடைக்காது.

சிங்கப்பூரில் இந்தக் காகிதத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. இடம் சிறுத்த இந்த நகரில் கல்லறைக்கு நிரந்தரம் கிடையாது. பிடாடாரி இடுகாடு 1972இல் மூடப்பட்டு, 2001 முதல் 2006 வரை தோண்டி அகற்றப்பட்டது. இன்று அது குடியிருப்புப் பேட்டை. 1998 முதல் புதைப்பதற்குப் பதினைந்து ஆண்டு வரம்பு வந்தது. இந்துக்கள் பெரும்பாலும் மண்டாய் தகனச்சாலைக்குப் போகிறார்கள். சாம்பலைக் கடலில் கரைக்க அரசு குறித்துக் கொடுத்த இடம், செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தொலைவில் நடுக்கடலில் இருக்கிறது. அங்கே பூப்போட்டுவிட்டுத் திரும்பும் படகுக்குப் பின்னால் அடையாளம் எதுவும் மிஞ்சுவதில்லை. காத்தோங்கின் கடற்கரையே இடம் மாறிவிட்டது. 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணி கடலைத் தள்ளிக்கொண்டு போனதில், ஒருகாலத்தில் அலையடித்த இடத்துக்கு அப்பால் மரின் பரேட் அடுக்குமாடிகள் எழுந்தன. கல்லும் கரையும் நிலைக்காத ஊரில் காகிதத்தைக் கல்வெட்டு என்று அழைப்பதன் பொருத்தம் அப்போதுதான் உறைக்கிறது.

சடங்கின் பக்கம் திரும்பினால், ஈழச் சைவர்கள் தாய்க்கென்றே ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கியிருப்பது தெரியும். தந்தையை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. தமிழ்நாட்டில் இப்படித் தாய்க்கொரு நாள், தந்தைக்கொரு நாள் என்று பிரித்துப் பார்ப்பது பரவலான வழக்கமில்லை. தாய் உயிரோடிருக்கும்வரை அந்தப் பௌர்ணமி மற்றொரு முழுநிலா நாள். அவள் போன மறு ஆண்டிலிருந்து அது விரத நாள். சித்திரகுப்தர் கதை படிப்பதும் சித்திரைக் கஞ்சி வார்ப்பதும் அன்றைக்குத்தான்.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வேறு வழி. சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கிப் புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். கல்யாணம் போன்ற நல்ல காரியங்களுக்கு முன்னால் அவளிடம் உத்தரவு கேட்பதும் உண்டு. அந்தணர் வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை இதே உணர்விலிருந்து எழுந்தது. ஆனால் கணவனுக்கு முன்னால் போனவளுக்கே இந்தப் புடவை. அவனுக்குப் பின்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவளுக்கு இந்த வரிசையில் இடமில்லை. மரபின் இந்த ஓரவஞ்சனையை மரபின்மேல் பற்றுள்ளவர்களே பேச வேண்டும்.

துறவிகளும் தாயிடம் தோற்றிருக்கிறார்கள். அனைத்தையும் துறந்த பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைக்க ஓடிவந்ததும் அங்கே பாடியதும் தமிழர் அனைவரும் அறிந்த கதை. ரமண மகரிஷியின் தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தபோது, அவரைத் தகனம் செய்யாமல் திருவண்ணாமலை அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மாத்ருபூதேஸ்வரர் கோயிலாக அது எழுந்து 1949 மார்ச்சில் குடமுழுக்குக் கண்டது. ஆசிரமத்தில் மகனுக்கும் அடியார்களுக்கும் சமைத்துப் போட்டவர் அந்தத் தாய்.

காத்தோங்குக்கு இன்னொரு முகம் உண்டு, மலாய் மண்ணில் வேரூன்றிய சீன வம்சாவளியினரான பெரனாக்கான்களின் முகம். அந்தச் சமூகத்துப் பெண்களான நோன்யாக்களுக்குச் சமையலறைதான் அரசாட்சி. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் தாயார் சுவா ஜிம் நியோ, காத்தோங்கை அடுத்த தெலோக் குராவில் ஒரு காலம் குடும்பத்தோடு வாழ்ந்தவர். அவர் 1974இல் தம் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக வெளியிட்டார். வீட்டுக்கு வீடு இரகசியமாகக் காக்கப்பட்ட கைப்பக்குவம் அச்சுக்கு வந்தது பெரிய காரியம். 1980இல் அவர் மறைந்தார். பின்னாளில் பேத்தி ஒருவர் அதே குறிப்புகளை இன்றைய அடுப்புக்கும் அளவுகளுக்கும் ஏற்பத் திருத்திப் புதுப்பித்தார். ஒரு பிரதமரின் தாய் என்பதைத் தாண்டி அவருக்கென்று ஒரு கைத்திறன் இருந்தது, அது தாளில் தங்கிவிட்டது. ஸ்டெல்லா கோன் எழுதி 1983இல் நாடகப் போட்டியில் பரிசு வென்ற 'எமிலி ஆஃப் எமரல்ட் ஹில்' ஓராள் நாடகமும் பெரனாக்கான் குடும்பத் தலைவி ஒருத்தியைத்தான் மேடையில் தனியே நிறுத்தியது. அவளுடைய பாசத்தையும் பிடிவாதத்தையும் அது ஒருங்கே காட்டியது.

சமையலை அச்சில் ஏற்றிய அப்படியொரு முன்னோடி நமக்கும் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்', ஒரு தமிழ் வீட்டுப் பெண்ணின் அறிவு வீட்டைக் கடந்து நடந்ததற்குச் சான்று. கல்யாணமாகி வெளிநாடு போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அது பயணம் செய்திருக்கிறது.

இலக்கியத்தில் துதிக்கும் குறைவில்லை, விசாரணைக்கும் குறைவில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதை, அடுப்படியைத் தன் உலகமாக நம்பி வாழ்ந்த முதிய பெண்ணைப் படுக்கையில் வைத்து, அந்த உலகத்தின் பரப்பு எவ்வளவு என்று கேட்கிறது. அன்பின்றி அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பெருமாள்முருகன் தம் தாயைப் பற்றி எழுதிய 'தோன்றாத் துணை' 2019இல் வந்தது. புகழ்மொழியில் நேரம் போக்காமல் தாயின் வேலைகள், பேச்சு, பழக்கங்கள், சிக்கனம், நோய் என்று தனித்தனியே எடுத்துச் சொல்லும் நூல் அது. மேலே சொன்ன மலர்களின் வெற்றிடத்தை நிரப்பும் வழி இதுதான். அம்மா என்ன பண்பினள் என்பதோடு நிற்காமல் அவள் என்னென்ன செய்தாள் என்று எழுதுவது.

சட்டமும் வீட்டுப் பெண்ணின் வேலையை அவள் இறந்த பிறகுதான் கணக்கிடத் தொடங்குகிறது. டெல்லியில் 2014இல் சாலை விபத்தில் இறந்த தம்பதியர் குறித்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 5 அன்று தீர்ப்பளித்தது. வீட்டுவேலைக்கும் வருமான மதிப்புக் கணக்கிட வேண்டும் என்பதை வலியுறுத்திய தீர்ப்பு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலையே முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் சுமார் 16 கோடி, ஆண்களோ 58 லட்சத்துக்கும் குறைவு என்று அதில் எடுத்துக்காட்டப்பட்டது. இழப்பீடு கணக்கிடும் நேரத்தில் மட்டும் அவளுடைய ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறோம்.

அந்த மணி நேரங்களைத்தான் நினைவு மலரில் எழுத வேண்டும். கஃப் ரோட்டு மில்லில் மிளகாயும் மல்லியும் எந்த அளவில் கலந்து அரைக்கக் கொடுத்தாள், தேக்கா சந்தையில் எந்த மீன்காரரிடம் எப்படிப் பேரம் பேசினாள், கணவரின் சம்பளத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்துக்கு எதைக் குறைத்தாள், கோயிலில் யாரோடு உட்கார்ந்து பேசினாள், எந்தப் பாட்டை முணுமுணுத்தாள், எதற்குக் கோபப்பட்டாள். அவளுடைய கல்யாணத்துக்கு முந்தைய பெயரும் படித்த பள்ளியும் அவளுடைய தாயின் பெயரும் கட்டாயம் வேண்டும். 'அன்பின் உறைவிடம்' என்ற தொடரை எந்த அச்சகமும் தரும். இவற்றைப் பிள்ளைகள் மட்டுமே தர முடியும்.

எழுதியதைப் பத்திரப்படுத்தவும் இடமுண்டு. 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' மின்னூலகம், ஈழத்து நினைவு மலர்களை மின்வடிவில் சேர்த்து எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் இருக்கிறது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. காத்தோங்கிலும் சிராங்கூனிலும் சாமியறைத் தட்டில் அம்மாவின் மலரை வைத்திருப்பவர்கள், தாள் பழுத்து ஓரம் உதிருமுன் ஒரு படி எடுத்து இவற்றில் ஒன்றிடமாவது ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். அம்மா உயிரோடிருக்கும் வீட்டார் இன்றிரவே அவளைச் சாப்பாட்டு மேசையில் முதலில் உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள்.