கண்ணாடிக்கு முதுகு காட்டிய வகுப்பு

1969ஆம் ஆண்டு. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரில் ஜூடி ஷெப்பர்ட் மிசெட் என்ற இளம்பெண் ஜாஸ் நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் சேரும் பெண்களில் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுவார்கள். ஏன் என்று விசாரித்தபோது, மேடையேறும் ஆசை தங்களுக்கு இல்லை, நடனக்காரர்களைப் போல உடம்பு கட்டாக இருந்தால் போதும் என்றார்கள். மிசெட் இரண்டு காரியங்கள் செய்தார். அடவுகளை எளிமையாக்கினார், மாணவிகளைச் சுவர்க் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். தங்கள் தொப்பையையும் தடுமாற்றத்தையும் தாங்களே பார்த்துக் கூசாமல், எதிரே நிற்கும் ஆசிரியையைப் பார்த்து ஆடினார்கள். ஆசிரியையின் கண்ணும் அவர்கள்மேலேயே இருந்தது. ஜாஸர்சைஸ் அங்கேதான் பிறந்தது.

இன்று 'பொட்டீக் ஃபிட்னஸ்' என்று உலகம் முழுக்கப் பேசப்படும் சின்ன ஸ்டுடியோ உடற்பயிற்சியின் உயிர்நாடி, ஒருவர் உடம்பை இன்னொருவர் அக்கறையோடு கவனிக்கும் அந்தப் பார்வைதான் என்பது என் கருத்து. அந்தப் பார்வையைத் தொழிலாக்கியவர்களில் பெரும்பகுதி பெண்கள். அது காசாகத் தொடங்கிய பிறகு உரிமை பல இடங்களில் அவர்கள் கையை விட்டுப் போனது. இந்தத் துறையை எடைபோட இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. பெரிய ஜிம் மாதச் சந்தாவில் ஓடுவது. பணம் கட்டிவிட்டு வராமல் இருப்பவர்கள் அதற்கு நஷ்டமே அல்ல. எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டால் நிற்க இடம் போதாது. சின்ன ஸ்டுடியோ ஒரே ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும். பெரும்பாலும் வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கும். நீங்கள் வந்தால்தான் அதற்கு வருமானம். அதனால் உங்கள் பெயர், போன வாரம் முழங்கால் வலித்தது, மூன்று நாளாக ஆளைக் காணவில்லை என்பதெல்லாம் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. அக்கறையும் பிழைப்பும் ஒரே திசையில் ஓடும் ஏற்பாடு இது. பெரிய ஜிம்மின் எடைக்கருவிகளுக்கு நடுவே தயங்கி நின்ற பெண்கள் இங்கே வந்து தங்கியதில் வியப்பில்லை.

இந்த மரபின் இன்னொரு வேர் லண்டனில் இருக்கிறது. லோட்டி பெர்க், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூத நடனக்காரர். முதுகில் அடிபட்ட அனுபவத்திலிருந்து, பாலே நடனக்காரர்கள் பிடித்துக்கொண்டு பழகும் 'பார்' என்ற மரக்கழியையும் சிகிச்சைப் பயிற்சிகளையும் இணைத்து ஒரு முறையை உருவாக்கினார். 1959இல் மான்செஸ்டர் தெருவில் ஒரு நிலவறையில் வகுப்பு தொடங்கினார். அவரிடம் பழகிய லிடியா பாக் அதை 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அந்த நியூயார்க் ஸ்டுடியோவில் பழகியவர்கள் பிரிந்துபோய்த் தனித்தனியாக ஸ்டுடியோ வைத்தார்கள். இன்றைய 'பார்' வகுப்புகளில் பலவற்றின் வம்சாவளி அங்கேதான் போய் முடியும். கையால் தொட்டுத் திருத்தி, ஆளிடமிருந்து ஆளுக்குப் போன வித்தை அது.

அடுத்து, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் வகுப்பான சோல்சைக்கிள். எலிசபெத் கட்லர், ஜூலி ரைஸ், ரூத் சக்கர்மன் என்ற மூன்று பெண்கள் 2006இல் மன்ஹாட்டனின் மேற்கு 72ஆம் தெருவில் தொடங்கியது. முன்பு ஈமச்சடங்குக் கூடமாக இருந்த கட்டடம். வாசலில் பெயர்ப்பலகை வைக்க அனுமதி இல்லை என்பதால், ஒரு ரிக்‌ஷாவுக்கு வண்ணம் அடித்துத் தெருவில் நிறுத்தினார்கள். இருட்டறை, மெழுகுவத்தி, 45 நிமிடம், மேடைமேல் ஆசிரியர். அழுதுகொண்டே சைக்கிள் மிதித்தோம், மனம் லேசானது என்று சொன்னவர்கள் ஏராளம். அதை நான் நம்புகிறேன். தனிமை மண்டிய பெருநகரத்தில் ஒரே தாளத்துக்கு ஐம்பது பேர் மூச்சு வாங்குவது சாதாரண விஷயமல்ல.

ஆனால் எவன்ஸ்டனில் ஆசிரியை மாணவியைப் பார்த்தார். இங்கே மாணவி ஆசிரியரைப் பார்க்கிறார். இருட்டில் யாருடைய முதுகு வளைந்திருக்கிறது என்று மேடையிலிருந்து எப்படித் தெரியும்? சைக்கிளில் உட்கார்ந்தபடியே சின்ன எடைகளைத் தூக்கும் அசைவுகளை உடலியக்க வல்லுநர்கள் பலர் அப்போதே குறை சொன்னார்கள். கட்டணமோ ஒரு வகுப்புக்கு 30 டாலரைத் தாண்டியது. வாரம் மூன்று நாள் போனால் மாதம் 360 டாலருக்கு மேல். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்ணின் முதுகுவலிக்கு இந்த ஸ்டுடியோவில் இடமில்லை. சின்ன ஸ்டுடியோவின் ஆகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

உரிமைக் கதையையும் பார்ப்போம். சக்கர்மன் 2009இல் விலகி, 2010இல் வேறு இருவரோடு சேர்ந்து ஃபிளைவீல் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அது 2020இல் திவாலானது. சோல்சைக்கிளின் பெரும்பங்கை 2011இல் ஈக்வினாக்ஸ் என்ற ஜிம் நிறுவனம் வாங்கியது. கட்லரும் ரைஸும் 2016இல் வெளியேறினார்கள். நல்ல விலை கிடைத்தது, அதில் தவறில்லை. ஆனால் 2019 ஆகஸ்டில், அந்தத் தாய் நிறுவனத்தில் முதலீடு செய்திருந்த ஸ்டீபன் ராஸ் டிரம்புக்காக நிதி திரட்டும் விருந்து வைத்தபோது, 'இது எங்கள் இடம்' என்று நம்பியிருந்த பெண்கள் பலர் கொதித்துப்போய் விலகினார்கள். அந்த இடம் தங்களுடையதும் இல்லை, அதைத் தொடங்கிய பெண்களுடையதும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் கால்வாசி ஸ்டுடியோக்களை நிறுவனம் மூடியது.

கிளை உரிமம் விற்கும் வழியிலும் இதே கதைதான். மிச்சிகனில் கேரி ரெஸபெக் டோர் 2001இல் தொடங்கிய ப்யூர் பார், சான் டியாகோவில் ஆலிசன் பியர்ட்ஸ்லி 2007இல் தொடங்கிய கிளப் பிலாட்டீஸ் இரண்டும் கடைசியில் எக்ஸ்பொனென்ஷியல் என்ற ஒரே குழுமத்திடம் போய்ச் சேர்ந்தன. உரிமம் வாங்கிச் சேமிப்பை இழந்ததாகக் கிளை உரிமையாளர்கள் பலர் புகார் சொன்னார்கள். அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் விசாரணை பற்றிய செய்தியோடு, 2024 மே மாதம் அதன் தலைமை நிர்வாகி இடைநீக்கம் செய்யப்பட்டார். பாயல் கடாக்கியா தொடங்கிய கிளாஸ்பாஸ் செயலி பல ஸ்டுடியோக்களின் காலி இருக்கைகளை நிரப்பித் தந்தது உண்மை. அதேசமயம் அந்த இருக்கைக்குக் கிடைக்கும் தொகை சுருங்கியது என்று ஸ்டுடியோக்காரர்கள் குமுறியதும் உண்மை.

இத்தனைக்கும் நடுவில் மறந்துபோகிறவர் வகுப்பு எடுக்கும் பெண். பயணம், முன்தயாரிப்பு, பாட்டுத் தேர்வு எதற்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. நின்று எடுக்கும் ஒரு மணி நேரத்துக்குத்தான் சம்பளம். காய்ச்சலில் படுத்தால் அதுவும் இல்லை. 2019இல் யோகாவர்க்ஸ் நிறுவனத்தின் நியூயார்க் ஆசிரியர்கள் சங்கம் அமைத்தார்கள். அமெரிக்க யோகா உலகில் அது புதுமை. அடுத்த ஆண்டே நியூயார்க் ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன.

மாற்று வழி இல்லாமல் இல்லை. மிசெட் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு பொழுதுபோக்குக் கூடங்களிலும் பொது மன்றங்களிலும் வகுப்பு நடத்தினார். தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு வகுப்புகள் பெருகவே, மாணவிகளையே ஆசிரியைகளாக்கினார். கப்பற்படை வீரர்களின் மனைவிகள் பலர் அவர்களில் இருந்தார்கள். கணவனுக்கு மாற்றலாகிப் போன ஊரெல்லாம் வகுப்பும் போனது. உரிமக் கட்டணத்தைக் குறைவாக வைத்ததால் சேமிப்பு அதிகமில்லாத பெண்ணும் சொந்தத் தொழில் தொடங்க முடிந்தது. நிர்வாகம் பிறகு மகளிடம் வந்தது. மினுமினுப்பான விளக்கும் வாசனைத் துண்டும் அங்கே கிடையாது. என் தராசில் இதுவே கனமானது.

நம் ஊருக்கு வருவோம். தெருமுனை ஜிம்மில் 'லேடீஸ் டைம்' என்பது பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல். விடிகாலையும் மாலையும் ஆண்களுக்கு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நேரம் எதற்கும் உதவாது. அந்த இடைவெளியைத்தான் அடுக்ககத்து கிளப் ஹவுஸிலும் மொட்டை மாடியிலும் ஜும்பா, யோகா, பிலாட்டீஸ் எடுக்கும் பெண்கள் நிரப்புகிறார்கள். ஃபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிவாகும். மழை வந்தால் வகுப்பு தள்ளிப்போகும். இன்று ஒரு ஸ்பீக்கரும் பத்துப் பாயுமாக இருக்கும் இந்தத் தொழிலுக்கு நாளை முதலீட்டாளரும் செயலியும் வருவார்கள். பலர் கைக்கு எட்டும் இன்றைய கட்டணம் அப்போது ஒருமுறை போய்விட்டால் திரும்பாது.

வகுப்பு நடத்தும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள்: யாரோடு கூட்டுச் சேர்ந்தாலும் உங்கள் பங்கு எவ்வளவு, பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேரப்போகிறவர்கள், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். முழங்கால், முதுகு, அறுவை சிகிச்சை எதையும் விசாரிக்காமல் பாட்டைப் போட்டு ஆரம்பிக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.