கொலைக்கருவியில் கலைவண்ணம்

ஒரு பொருளின் பயனும் அதன் அழகும் முரண்படும்போது, திறனாய்வாளன் எதனை அளவுகோலாகக் கொள்வான்? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புவது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் சித்திர வேலைப்பாட்டுடன் உருவான ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கி. பழம்பொருள் சேகரிப்போர் அதனைப் பெரும் பொருள் ஈந்து வாங்குகின்றனர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகமும் அதற்கு இடம் அளித்துள்ளது. ஆகவே, அது கலையா என்று கேட்பதோடு, எத்தகைய கலை என்றும் கேட்டல் வேண்டும்.

1836ஆம் ஆண்டு தம் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சாமுவேல் கோல்ட், இருவகை அணிகளைப் பயன்படுத்தினார். ஒன்று அச்சு வேலை. பணத்தாள்களுக்கு அச்சுத்தகடு செதுக்கிய ஆர்ம்ஸ்பி, எஃகு அச்சொன்றில் காட்சியைச் செதுக்கினார். அவ்வச்சை அழுத்தி உருட்ட, குண்டுகள் இடும் உருளையின்மேல் காட்சி பதிந்தது. 1851ஆம் ஆண்டின் ‘நேவி’ வகையில், டெக்சாஸ் கப்பற்படை மெக்சிகோவுடன் 1843 மே 16இல் நிகழ்த்திய போர் காணப்படுகின்றது. மற்றொன்று கைவேலை. சிற்றுளியால் இலையும் கொடியும் சுருண்டோடச் செதுக்கி, பொன் பதித்து, தந்தக் கைப்பிடி பொருத்துவது அது. ஜெர்மானிய மண்ணில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குஸ்தாவ் யங், நிம்ஷ்கே ஆகியோர் இதில் கைதேர்ந்தவர்கள்.

இங்கே ஒரு முரண் உண்டு. ஆயிரக்கணக்கில் பதிந்த அச்சுக் காட்சியில் ஆர்ம்ஸ்பியின் பெயர் இருக்கின்றது. ஒவ்வொன்றாக உழைத்துச் செதுக்கிய கைவினைஞரின் பெயரோ பெரும்பாலும் இல்லை. விற்றவரின் பெயரே நிலைத்தது. நிம்ஷ்கே தம் வேலைப்பாடுகளின் மைப்படிகளைத் தாளில் எடுத்துப் பேணினார். அத்தொகுப்பு 1965இல் நூலாக வெளிவந்த பின்னரே, பெயரற்ற பல துப்பாக்கிகளை அவருடையவை என ஒப்பிட்டு அறிய வழி பிறந்தது. மறைந்த கலைஞனை மீட்டெடுக்கும் இப்பணியே சேகரிப்பின் சிறந்த பயன் எனலாம்.

ஆயின் விலை ஒன்றையே நோக்கும் சேகரிப்பு, கலைக்குக் கேடு செய்கின்றது. அணியற்ற பழந்துப்பாக்கியில் பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கி, பழைய வேலைப்பாடு என விற்பாரும் உளர். காலம் தந்த நிறத்தைத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவாரும் உளர். ஏட்டுச்சுவடியில் தம் வரியை இடைச்செருகுவோர்க்கும் இவர்க்கும் வேறுபாடு இல்லை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வேலைப்பாட்டின் நுட்பத்தை வியப்போர், அது சொல்லும் பொருளைக் காண்பதில்லை. 1847ஆம் ஆண்டின் ‘வாக்கர்’ துப்பாக்கி உருளையில், டெக்சாஸ் குதிரைவீரர் செவ்விந்தியரைத் தாக்கும் காட்சி பதிந்துள்ளது. அது வென்றவன் தீட்டிய சித்திரம். வீழ்ந்தவன் கூற்று அங்கே இல்லை. மெட்ரோபாலிட்டனில் உள்ள, வாஷிங்டனின் உருவம் பொன்னில் பொறித்த கோல்ட் துப்பாக்கி, துருக்கி சுல்தானுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அதன் இணை 1854இல் ரஷ்ய மன்னர் முதலாம் நிக்கோலஸிடம் சென்றது. அவ்விருவரும் கிரிமியப் போரில் (1853–1856) ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள்! பொன்னணி அங்கே நட்பின் சின்னமன்று. இரு பகைவர்க்கும் படைக்கலம் விற்க நீட்டிய விளம்பரம்.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையை இங்கு நினைத்தல் தகும். பீலியணிந்து, நெய் பூசி, காவலில் இருந்த அவன் படைக்கலங்களைப் புகழ்வாள்போல் பழித்து, நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை உயர்த்தினாள் அப்புலவர் பெருமாட்டி. அணியைக் கண்டு அவள் மயங்கவில்லை. கருவியின் பயனைக் கேட்டாள். ஆயினும் அவள் அளவுகோல் வீரம். இன்றைய திறனாய்வாளனுக்கு வேண்டுவது அறம். சுடப்படாது பெட்டகத்தில் உறங்கும் துப்பாக்கியைக் கண்டு நகைக்க வேண்டுவதில்லை. அது உறங்குவதே உலகிற்கு நன்று.

உளியின் நுட்பத்தைப் போற்றுக. உளி பிடித்தவன் பெயரைத் தேடுக. அவ்வழகு யாருக்காக, எதனை மறைக்கப் பூட்டப்பட்டது என்பதையும் தவறாது வினவுக. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் சேகரிப்பு வெறும் செல்வச் செருக்காய் முடியும். மூன்றும் நிறையுமாயின், கொலைக்கருவியும் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசானாகும்.