பழைய ஹெரால்டுக்குப் புது ஆயிலா?

எந்தக் காருக்கும் விலை கூடின 5டபிள்யூ-30 சிந்தெட்டிக் ஆயில்தான் நல்லதுன்னு சொல்றாங்க. நான் ஏற்கவில்லை.

1961-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பாருங்கள். பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே இன்ஜின் குடும்பம்தான். இதில் கேம், டேப்பட்டின் மேல் நேரடியாக உரசும், ரோலர் கிடையாது. அதைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் வேண்டும். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், புது பெட்ரோல் கார்களுக்கான 5டபிள்யூ-30-இல் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஹெரால்டில் கன்வர்ட்டரே இல்லையே!

அப்புறம், 'டபிள்யூ' என்றால் வின்டர். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள். அடி அண்ணாமலையில் சித்திரை வெயிலில் நிற்கிற வண்டிக்கு அது எதுக்கு? 20டபிள்யூ-50 போதும், அந்தப் பாஸ்பரஸ் வரம்பும் இதற்குக் கிடையாது. ஆனா எல்லா கம்பெனியும் ஒரே அளவு சேர்ப்பதில்லை. வாங்கும் முன் டேட்டா ஷீட்டைப் பாருங்க.