விழுப்புண்ணும் வெறும் புண்ணும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி முகத்திலும் மார்பிலும் புண்பட்டு நிற்கிறான். ஔவை அழவில்லை, பாராட்டுகிறாள் (புறம் 93). நோயில் படுத்துச் செத்த மன்னர்களைப் புல்லில் கிடத்தி, வீரர் போகும் உலகத்துக்குப் போகட்டும் என்று நான்மறையாளர் வாளால் கீறி அடக்கம் செய்வார்களாம். அதியமானோடு மோதிய பகைவர்கள் அந்தக் கீறலிலிருந்து தப்பினார்கள் என்கிறாள்.

இதைப் பாட்டின் அழகாக மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியாது. பிணத்துக்குக்கூடத் தழும்பு செய்து கொடுக்கிற ஏற்பாடு இது! செத்துப் பிறந்த குழந்தையையும் விடவில்லை (புறம் 74). அப்படியானால் விழுப்புண் என்பது உடம்பில் தானாக இருப்பதல்ல; அதிகாரம் குத்துகிற முத்திரை. அதே ரத்தம், அதே வலிதான். ஆனால் முதுகில் பட்டால் புறப்புண். சேரமான் பெருஞ்சேரலாதன் அதற்கு வெட்கி வடக்கிருந்து செத்தான்.

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவர்கள் இவர்கள், முடிமன்னர்கள் இல்லை. கொஞ்சம் தள்ளிச் செங்கம் பக்கம் எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. முத்திரை கீழே இறங்கி வந்திருக்கிறது, சரி. பெண்ணுக்கு? மகனின் பிணத்தைப் புரட்டி அவன் புண்ணைத் தேடுகிற வேலைதான் அவளுக்கு (புறம் 278).

இதே மாவட்டம், அரூர் வட்டம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம்னு வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலையாளிப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளானார்கள். அந்தக் காயங்களை யாரும் விழுப்புண் என்று சொல்லவில்லை. அவை நிரூபிக்கப்பட வேண்டிய வெறும் சாட்சியங்கள். 19 வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சரி, நாம் அவற்றை விழுப்புண் என்று பாடிவிட்டால் போதுமா? போதாது. அந்தப் பெண்கள் புகழ் தேடிக் களத்துக்குப் போனவர்கள் இல்லை, வீட்டில் இருந்தவர்கள். அவர்களை வீராங்கனைகள் ஆக்கினால், நம் தேவைக்காக நாமும் வாளெடுத்துக் கீறுகிறோம் என்றுதான் அர்த்தம். இயக்கக் கவிதைகளில் இது நிறையவே நடக்கிறது.

ஹோமரின் காவியத்தில் கிழட்டுத் தாதி ஒடிசியஸின் தொடைத் தழும்பைத் தொட்டு, வந்திருப்பவன் யார் என்று கண்டுபிடிக்கிறாள். அங்கே தழும்பு காயம்பட்டவனை அடையாளம் காட்டுகிறது. வாச்சாத்தியில் காயம்பட்டவர்களே காயப்படுத்தியவர்களை அடையாளம் காட்டினார்கள். நம் இலக்கியத்துக்கு இந்த இரண்டாவது வாசிப்பு இன்னும் பழகவில்லை.